காரணம்: சத்தம்

உக்காருங்க சார், உக்காருங்க. இந்தப் பக்கமா வாங்க, அந்த ஓரத்துல காக்கா அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு. எங்க போகணும்? பொறையாரா? பொறையாருக்கு வண்டி இருக்கு, கவலையே படாதீங்க. இந்த ரூட்டுல எது எப்ப வரும்னு என்னைக் கேட்டாப் போதும். நான் ஏறுறதுக்கு வரல சார். இறங்குறவங்களுக்காக வந்திருக்கேன். மாயவரத்துலேர்ந்து பத்து பத்துக்கு ஒரு வண்டி வரணும். இப்ப பத்து ரெண்டு.

உங்ககிட்ட கொஞ்சம் பேசலாங்களா? பேசலாமான்னு என்ன, பேசியே ஆகணும். இன்னும் எட்டு நிமிஷத்துல நான் வாயை மூடணும். மூடினா மறுபடி எப்பத் தொறக்கலாம்னு எனக்கே தெரியாது. ரெண்டு மாசத்துப் பேச்சு உள்ள கெடக்கு சார். அதை யார்கிட்டயாவது இறக்கி வெச்சுட்டுத்தான் அந்த வண்டி பக்கம் போகணும். நீங்க முன்னப் பின்னத் தெரியாதவர், அதான் வசதி.

இது என்னன்னா பாக்கறீங்க? வெத்தலை. வீட்டுல என் சம்சாரம் வேதவல்லி மடிச்சுக் குடுத்து அனுப்பினா. புகையிலை கிகையிலை கிடையாது, பாக்கும் துளி சுண்ணாம்பும்தான். ஒண்ணே ஒண்ணு. வண்டி அந்தப் புளியமரத்து வளைவுல திரும்பும்போது வாயில போட்டு அடக்கிக்கணும். எதுக்குன்னு சொல்றேன்.

என் பேரு குஞ்சிதபாதம். டைம் கீப்பர் குஞ்சிதபாதம்னா மாயவரம் பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஆள் இல்ல. முப்பத்தோரு வருஷம் மைக்கைப் புடிச்சு எத்தனை மணிக்கு எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம், என்ன காரணம்னு சொன்னவன் நான். காரணம் சொல்லணும் சார். வெறுமனே தாமதம்னு சொன்னா ஜனங்க திட்டுவாங்க. மாடு குறுக்க வந்தது, டயர் வெடிச்சுதுன்னு ஒரு காரணம் சொன்னா அடங்கிடுவாங்க. அது ஒரு மரியாதை.

நேரத்துல மட்டும் பொய் எழுதினதே கிடையாது. ஒருதடவை ஒரு கண்டக்டர் ஆறு நிமிஷம் தாமதமா வந்துட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, சரியான நேரம்னு போட்டுடுங்கண்ணே. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா, மெமோ வந்தா லீவு தர மாட்டாங்க"ன்னான். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் ஆறு நிமிஷம் தாமதம்னுதான் எழுதினேன். அது எட்டு நிமிஷம்னு நினைச்சுடாதீங்க, ஆறுதான். கரெக்டா எழுதினேன்.

எனக்கு ஒரே பொண்ணு, அபிராமி. கும்பகோணத்துல குடுத்திருக்கு. மாப்பிள்ளை தங்கமான புள்ள, வாயே தொறக்க மாட்டாரு. தை மாசக் கடைசியில அவளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுலதான் நடத்தினாங்க. வளையல் போட்டு முடிச்சு, கையோட பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்துடறதுன்னு ஏற்பாடு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே சார். வேதவல்லி அதுக்குன்னு ரூமுக்கு வெள்ளையடிச்சு, கட்டிலைத் திருப்பிப் போட்டு, நல்லெண்ணெய் முதக்கொண்டு வாங்கி வெச்சுட்டா.

ஒன்பதுலேர்ந்து பத்தரை நல்ல நேரம். முதல் வளையல் போட வேண்டியது சம்பந்தியோட அக்கா, திருச்சியிலேர்ந்து வரணும். ஒன்பதேமுக்காலாச்சு, ஆளக் காணோம். ஜனங்க எல்லாம் வாசலையே பாக்கறாங்க. நலங்குப் பாட்டுக்குன்னு ஒரு மைக் வெச்சிருந்தாங்க சார். சும்மாக் கெடந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்? ஜனங்களுக்குத் தகவல் சொல்லணுமா இல்லையா? எடுத்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. திருச்சியிலிருந்து வர வேண்டிய சம்பந்தியின் அக்கா நாற்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார். காரணம், மூன்று தடவை புடவை மாற்றியது." காரணம் நானா சொல்லல, மாப்பிள்ளையோட தங்கச்சிதான் போன்ல கேட்டுட்டு வந்து சொல்லிச்சு.

அந்த அம்மா அப்பத்தான் செருப்பைக் கழட்டிக்கிட்டிருக்கு.

கூடம் பூராவும் சிரிச்சுச்சு சார். சிரிச்சது என் தப்பா? அந்தம்மா நிலைப்படியிலேயே உக்காந்து அழ ஆரம்பிச்சுது. வளையல் போட்டது பத்து இருபத்தெட்டுக்கு. ரெண்டு நிமிஷம் மிச்சம். அதையும் மைக்குல சொன்னேன், நல்ல செய்திதானேன்னு.

கிளம்பற நேரத்துல என் பொண்ணு பெட்டியை எடுக்கல. அம்மாவ மட்டும் உள்ள கூப்பிட்டா. அப்புறம் என்கிட்ட வந்தா. "அப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன். அங்க வந்தா பிரசவம் வரைக்கும் நீ இதையே சொல்லிக்கிட்டு இருப்பே, என்னால முடியாது"ன்னா. அது அவ பேச்சு இல்ல சார். அந்தத் திருச்சி அம்மா சொல்லிக் குடுத்திருக்கணும். அப்படித்தான் நான் இன்னைக்கும் நினைக்கறேன், சரி, இன்னைக்கு இல்ல, போன வாரம் வரைக்கும்.

பத்து பத்து ஆச்சே. வண்டியக் காணோம். வரும், வரும்.

ஊருக்கு வந்து நான் சும்மா இல்ல. எல்லார்கிட்டயும் நியாயம் கேட்டேன். பால்காரர், போஸ்ட்மேன், ரேஷன் கடை, ஒருத்தரையும் விடல. எல்லாரும் நீங்க சொல்றது சரின்னுதான் சொன்னாங்க. சீக்கிரம் சீக்கிரம் சொன்னாங்க.

அப்ப ஒருநாள் சாயங்காலம் கடற்கரையில ரோஸ்லின் டீச்சர் பத்துப் பேரை நிக்க வெச்சுப் பேசிக்கிட்டிருந்தது. நம்ம பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர். ஆமைக் காவல் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கு. சம்பளம் கிம்பளம் கிடையாது, மனசு இருக்கறவங்க வரலாம்னு சொல்லிச்சு. தை, மாசி, பங்குனியில ஆமைங்க கரையேறி முட்டை போடும் சார். இங்க பங்குனி ஆமைன்னே பேரு. அந்த முட்டைய நாய் தோண்டாம, ஆள் எடுக்காம, பத்திரமாக் கொண்டுபோய் வேலி போட்ட மணல்ல புதைச்சு, நாப்பத்தஞ்சு அம்பது நாள்ல குஞ்சு வெளிய வந்ததும் கடல்ல விடணும். அதுதான் வேலை. டீச்சர் ஒண்ணு சொல்லிச்சு பாருங்க. பொட்டை ஆமை எந்தக் கரையில பொறந்துச்சோ, எத்தனை வருஷம் கழிச்சும், எத்தனை ஆயிரம் மைல் சுத்தியும், அந்தக் கரைப்பக்கமாத்தான் முட்டை போட வருமாம்.

கடல்ல கெடக்கற ஜீவனுக்குத் தெரியுது. பி.காம். படிச்ச என் பொண்ணுக்குத் தெரியலையே. அந்த எடத்துலயே பேரைக் குடுத்துட்டேன்.

முதல் நாள் விடியக்காலை நாலரைக்கு டீச்சரோட நடந்தேன். டார்ச் அடிக்கக் கூடாது. அடிச்சாலும் செவப்புக் காயிதம் ஒட்டித்தான் அடிக்கணும். எதிர்ல போய் நிக்கக் கூடாது, பின்பக்கமாத்தான் நிக்கணும். பேசவே கூடாது. குழி தோண்டி முட்டை போட ஆரம்பிச்சுட்டா அப்புறம் பரவாயில்ல, அதுவரைக்கும் ஒரு சின்னச் சத்தம் கேட்டாக்கூட அப்படியே திரும்பிப் போயிடுமாம். இதெல்லாம் டீச்சர் சொல்லிச்சு. எனக்குப் புரிஞ்சுது. புரியறதுக்கு என்ன இருக்கு?

அலையிலேர்ந்து வந்தா சார் ஒருத்தி. பெரிய தாம்பாளத்தைக் கவுத்து வெச்சாப்புல. ரெண்டடி வைக்கறா, நிக்கறா, மூச்சு வாங்கறா. தரையில நடக்கவே தெரியல அவளுக்கு. தடுமாறித் தடுமாறி வர்றதப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. "வாம்மா வா, உள்ள தள்ளி வா, இடம் காலியாத்தான் இருக்கு"ன்னுட்டேன். மெதுவாத்தான் சொன்னேன். டீச்சர் அப்புறம் சொல்லிச்சு, உப்பளத்துப் பக்கம் தூங்கிக்கிட்டிருந்த நாய் எழுந்து குரைச்சுதுன்னு. அவ நின்னா. அப்படியே அரை வட்டம் போட்டா. வந்த வழியே போயிட்டா.

டீச்சர் என்னைத் திட்டல சார். மணல்ல உக்காந்துடுச்சு. "ஐயா, வயித்துல நூறு முட்டையோட திரும்பிப் போறா. இனிமே எங்க போய்ப் போடுவான்னு நமக்குத் தெரியாது"ன்னுச்சு.

ஆனா என் திறமையை அது புரிஞ்சுக்கிச்சு பாருங்க, மறுநாளே எனக்குப் பதவி உயர்வு. நடக்கறதெல்லாம் சின்னப் பசங்க பாத்துக்குவாங்க, நீங்க பகல் பொறுப்பு எடுத்துக்குங்கன்னு சொல்லிடுச்சு. காலையில ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் முட்டை புதைச்ச வேலிகிட்ட காவல். காக்கா, நாய், வேடிக்கை பாக்க வர்றவங்க எல்லாத்தையும் சமாளிக்கணும். ரொம்ப முக்கியமான வேலை, அதுக்குச் சத்தமாப் பேசற ஆள்தான் வேணும்னுச்சு. இத்தனை வருஷ அனுபவத்தைப் பாத்துட்டுத்தானே குடுக்கறாங்க.

ரெஜிஸ்டரும் என்கிட்டதான். அதுவரைக்கும் ஏதோ நோட்டுல கிறுக்கி வெச்சிருந்தாங்க. நான் கோடு போட்டு முறையா ஆக்கினேன். தேதி, வருகை, புறப்பாடு, முட்டை, காரணம். ராத்திரி நடந்தவங்க வந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். வருகை மூணு பத்து, புறப்பாடு நாலு அஞ்சு, முட்டை நூத்திப் பன்னெண்டு. சில சமயம் தடம் மட்டும் இருக்கும், முட்டை இருக்காது. ஏறி வந்துட்டு ஏதோ பயந்து திரும்பியிருக்கும். அதுக்கு எங்க பாஷையில காலி ட்ரிப். "காலியாகத் திரும்பியது. காரணம்: ஹோட்டல் விளக்கு." "காலியாகத் திரும்பியது. காரணம்: நாய்." என்னோட அந்த முதல் நாளையும் எழுதினேன். "காரணம்: சத்தம்." யார் சத்தம்னு எழுத அந்தக் கட்டத்துல இடம் இல்ல.

இருபது நாள் போயிருக்கும். ஒருநாள் காலையில ரெஜிஸ்டரைத் தொறக்கறேன், என் கையெழுத்து இல்லாம ஒரு வரி. ஊதா மையில. தேதி மாசி பதினெட்டு. வருகை பதினொண்ணு இருபது. புறப்பாடு பதினொண்ணு இருபத்தஞ்சு. காலியாகத் திரும்பியது. காரணம்: சத்தம்.

எனக்கு வந்த கோவம் இருக்கே. பதினொண்ணு இருபதுன்னா பகல் சார். பட்டப்பகல்ல எந்த ஆமை வரும்? அஞ்சு நிமிஷத்துல திரும்பறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா? பசங்களைக் கூப்பிட்டு விசாரிச்சேன், டீச்சரை விசாரிச்சேன், யாருக்கும் தெரியல. ரெண்டு நாள் இதே பேச்சு. மூணாம் நாள் சாப்பிடும்போது வேதவல்லிகிட்டயும் புலம்பிக்கிட்டிருந்தேன், எவனோ தப்புத் தப்பா எழுதியிருக்கான், நேரத்தோட மதிப்பு தெரியாதவன்னு. அவ ரசத்தை ஊத்திக்கிட்டே, "நேரம் சரிதான். நான்தான் எழுதினேன், வேலிகிட்ட உங்களுக்குக் காபி கொண்டு வந்தப்போ"ன்னா.

அப்பவும் எனக்குப் புரியல பாருங்க. ஆமை எந்தப் பக்கம் ஏறுச்சுன்னு கேட்டேன்.

"தெருமுனைப் பக்கம்"னா.

கை சோத்துலேயே நின்னுடுச்சு சார். அந்த மாசி பதினெட்டு என் பொண்ணு வந்திருக்கா. யாருக்கும் சொல்லாம, மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு, கோவத்தை விட்டுட்டு, பெட்டியோட வந்திருக்கா. தெருமுனையில ஆட்டோவை விட்டு இறங்கினா, எங்க வீட்டு வாசல்ல நான் போஸ்ட்மேன்கிட்ட நியாயம் கேட்டுக்கிட்டிருக்கேன். என்ன கேட்டேன்னு எனக்கு வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு. "வர்ற கழுதை வரட்டும், வராட்டி போகட்டும், என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் வாசப்படி ஏறணும்"னு சொல்லிக்கிட்டிருந்தேன். என் குரல் தெருமுனைக்குக் கேக்குமான்னு கேக்கறீங்களா? நாலு பிளாட்பாரத்துக்குக் கேக்கணும்னே பழக்கின குரல் சார் இது.

அவ ஆட்டோவைத் திருப்பச் சொல்லிட்டா. கும்பகோணம் போய்ச் சேர்ந்து அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணியிருக்கா. வேதவல்லி ஒரு வாரம் அதை மனசுல வெச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா. சொன்னா நான் சத்தம் போடுவேன்னு பயம். அதான் நான் தெனம் படிக்கற எடத்துல எழுதி வெச்சா.

வயித்துல புள்ளையோட வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கா சார். அன்னைக்கு நான் தூங்கல.

நில்லுங்க, மணி என்ன? பத்து இருபத்தொண்ணு. பதினோரு நிமிஷம் தாமதம். என் காலத்துல இப்படி நடந்தா மெமோதான்.

சரி, கேளுங்க. மறுநாள் டீச்சர்கிட்ட போனேன். எனக்கு மறுபடி ஒருநாள் விடியக்காலை நடக்கணும்னேன். அது மென்னு முழுங்கிச்சு. பகல் பொறுப்புக்கு வேற ஆள் இல்லையேன்னு மூணு வாரம் இழுத்துச்சு. வேதவல்லிதான் வழி சொன்னா. வாய் நிறைய வெத்தலையை அடக்கிக்கிட்டா மனுஷன் ம்ம் தவிர வேற என்ன பேச முடியும்? மூணு வெத்தலை மடிச்சுக் குடுத்தா. ஒண்ணு போதாதுன்னு அவளுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை. நாலு ஐம்பதுக்கு ஒருத்தி ஏறினா. நான் பின்பக்கம் மணல்ல குந்தி உக்காந்துட்டேன். அவ பாதி தூரம் வந்து நின்னா பாருங்க, கழுத்தைத் தூக்கி இப்படியும் அப்படியும் பாத்தா. உள்ள எனக்கு என்னென்னவோ வருது. வாம்மான்னு வருது. பயப்படாதேன்னு வருது. நான்தாம்மா தப்புன்னுகூட வந்துச்சு, அது எங்கேர்ந்து வந்துச்சோ. எல்லாத்தையும் வெத்தலையோட சேத்து மென்னேன். கண்ணுல தண்ணி கொட்டுது, சுண்ணாம்பு ஜாஸ்தியாப் போச்சுன்னு நினைக்கறேன். அவ மெதுவா இன்னும் நாலடி ஏறினா. பின்காலால மணலை அள்ளி அள்ளி, கிண்ணத்தால மாவு எடுக்கறாப்புல, குழி பறிச்சா. நூத்திப் பதினெட்டு முட்டை. மூடி, தட்டி, மணலைச் சமன் பண்ணிட்டு, யாரையும் திரும்பிப் பாக்காம கடலுக்குப் போனா. டீச்சர் என் தோளைத் தொட்டு, "ஐயா, அம்பது நிமிஷம் பேசாம இருந்தீங்க"ன்னுச்சு. அம்பத்திமூணு. ரெஜிஸ்டர்ல இருக்கு.

காரணம் கட்டத்தை முதல் தடவையா காலியா விட்டேன்.

வீட்டுக்கு வந்து வேதவல்லிகிட்ட, நீ போன் பண்ணி வரச்சொல்லு, நான் வாயைத் தொறக்கலன்னு சொன்னேன். அவ நம்பல. டீச்சர் போன் பண்ணிப் பேசிச்சு. என் பொண்ணு ஒரே ஒரு நிபந்தனை போட்டா. திருச்சி அத்தை பேச்சையோ, நேரம் காலம்னு கணக்குப் பேச்சையோ ஒரு வார்த்தை எடுத்தாலும் அடுத்த வண்டியில திரும்பிடுவேன்னா. டைம் கீப்பர் பொண்ணுகிட்ட அடுத்த வண்டி எப்பன்னு சொல்லவா வேணும்? இதே வண்டிதான் சார். கடைசி ஸ்டாப் போய்ட்டு இருபது நிமிஷத்துல இதே வழியா மாயவரம் திரும்பும். என் பயமெல்லாம் அந்த இருபது நிமிஷம்தான். அவ வண்டியிலேர்ந்து இறங்கி, வீட்டு வாசப்படி ஏறி, உள்ள போய்க் கட்டில்ல உக்காந்துட்டா அப்புறம் பரவாயில்ல.

கார் வெச்சு வரலாம்தான். கார்ல தலை சுத்துதாம், பஸ்ஸுல முன் சீட்டுன்னாத்தான் ஒத்துக்குதாம். அதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை. எட்டாம் மாசம் பயணம் ஆகாதுன்னு காத்திருந்து, இப்ப ஒன்பது பொறந்து இன்னையோட நாலு நாள்.

அப்புறம் சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க பொறையார் வண்டி, நான் வளைகாப்புக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன் பாருங்க, அப்பவே போயிடுச்சு. நீங்க ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சொன்னாக் கதை பாதியில நின்னுடுமேன்னு விட்டுட்டேன். அடுத்தது பத்து ஐம்பதுக்கு. அது நேரத்துக்கு வரும், அந்த டிரைவர் நல்ல ஆள்.

பத்து முப்பத்தாறு. இருபத்தாறு நிமிஷம் தாமதம் சார். இருபத்தாறு. ஒன்பது மாசத்துப் புள்ளத்தாச்சியை வெச்சுக்கிட்டு எங்க நிறுத்தி டீ குடிக்கறானோ. இன்னைக்கு அந்த டிரைவரை நான்...

வளைவுல தூசி கிளம்புதே. அதேதான். செவப்பு வண்டி.

சார், நான் இந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கறேன். எதிர்ல போய் நிக்கக் கூடாது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா உக்காந்திருங்க. கைய ஆட்டாதீங்க. மாப்பிள்ளை முதல்ல இறங்கறாரு. பெட்டி. இன்னொரு பெட்டி. ரெண்டு பெட்டி சார், ரெண்டு கொண்டு வந்திருக்கா. அதோ, படியில கைய ஊன்றி... பாத்து, பாத்து. நான் பேசல, இது உங்ககிட்ட சொல்றேன். எவ்வளவு மூச்சு வாங்கறா பாருங்க. நிக்கறா. சுத்திப் பாக்கறா.

ஐயையோ, வெத்தலை கையிலயே இருக்கு. வாயில போடவே மறந்துட்டேன்.

இங்கதான் வர்றா. பாத்துட்டா.

...

சார், பாத்தீங்களா அநியாயத்தை? கையில இருந்த வெத்தலையைப் பிடுங்கி அவ வாயில போட்டுக்கிட்டா. சின்னதுல இப்படித்தான் பிடுங்குவா. ஒண்ணே ஒண்ணுதான்டி அது. இப்ப நான் எதை வெச்சு...

என்னம்மா? என்ன கேக்கற, வாயில வெத்தலையை வெச்சுக்கிட்டு? மென்னுட்டுச் சொல்லு.

ரொம்ப நேரமா நிக்கறியா, வண்டி ரொம்ப லேட்டான்னா கேக்கற?

இல்லம்மா. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு வண்டி. வா, அம்மா காத்திருக்கா.

நீங்க ஏன் சார் வாட்சைப் பாக்கறீங்க? சும்மா இருங்க.